சுவருக்குக் கேட்டது, போனுக்குக் கேட்கவில்லை

2020 ஜூலை 6, திங்கட்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. பக்கத்து வீட்டு வயலின் டீச்சரை நான் முதன்முதலாக நேருக்கு நேர் சந்தித்தது அப்போதுதான். ஒரே மாடியில் மூன்றாண்டுகள் குடியிருந்தும், அவரைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் சுவர் சொன்னவை. சுவருக்குக் காது உண்டு என்பார்கள். எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவான அந்தச் சுவருக்கு வாயும் இருந்தது.

என் வாசலில் முகக்கவசத்துடன் தள்ளி நின்றார். தொற்றுக்காலம் ஆகையால் என் கல்லூரி வகுப்புகளை நான் வீட்டிலிருந்தே கணினி வழியாக நடத்திக்கொண்டிருந்தேன். அவரும் தம் வகுப்புகளை அலைபேசிக்கு மாற்றியிருந்தார். இடைஞ்சலுக்கு வருத்தம் தெரிவிக்க வந்திருக்கிறார் என்று எண்ணி, பெருந்தன்மையான பதிலொன்றை ஆயத்தம் செய்துகொண்டேன். அவர் கேட்டது வேறு.

“சார், நீங்க பாடம் எடுக்கும்போது என் வயலின் உங்க பசங்களுக்குக் கேக்குதா?”

முந்தைய வாரம் நானே மாணவர்களிடம் அந்த ஓசைக்காக மன்னிப்புக் கேட்க, எந்த ஓசை என்று அவர்கள் திருப்பிக் கேட்டிருந்தார்கள். அதைச் சொன்னதும் அவர் கண்கள் அகன்றன.

“அப்போ அது எங்கதான் போகுது?”

இருபது ஆண்டுகள் மெல்லிசைக் குழுக்களின் பின்வரிசையில் வாசித்தவர் அவர். பாடகர் தடம் மாறினால் கூடவே மாறிக் காப்பாற்றப் பழகிய காது. கப்பலில் பொறியாளரான கணவர், துறைமுகங்கள் மூடிக்கிடந்ததால் எங்கோ நடுக்கடலில் இருந்தார். வீட்டில் டீச்சரும் மாணவர்களின் சுரங்களும்தான்.

அம்மாணவர்களுள் ஒருவரைப் பற்றியதே அவர் கவலை. மருந்துக்கடைக்காரர், டீச்சரைவிட மூத்தவர். நரைத்த பின் ஆசைப்பட்டு வயலினைத் தொட்டு, நான்காண்டாக ஒரு வகுப்பையும் தவறவிடாதவர். வகுப்பு அலைபேசிக்கு மாறியதிலிருந்து அவருடைய நீண்ட சுரங்கள் பாதியிலேயே அடங்கிப்போயின. வில்லை முழுவதும் இழுங்கள் என்று டீச்சர் வாரந்தோறும் திருத்தினார். அவரும் தந்தியை மாற்றினார், வில்லை மாற்றினார், கடைசியில் நாற்காலியையும் மாற்றினார். வில்லுக்கு மூச்சுத்திணறல், பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்று மனைவி வேறு கேலி பேசினாராம். முந்தைய நாள் அவர், இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

“அவர் கையில தப்பில்ல, என் காதுலயும் தப்பில்லன்னா, நடுவுல யாரோ திங்கிறாங்க சார்.”

என் வகுப்புகள் முடிந்ததும் சோதனை தொடங்கியது. அவர் தம் வீட்டிலிருந்து, வகுப்பு நடத்தும் அதே செயலி வழியே என்னை அலைபேசியில் அழைத்து, ஒரே சுரத்தை நீட்டி வாசித்தார். சுவர் வழியே வில்லின் நுனிவரை கேட்டது. அலைபேசியிலோ தொடங்கிய சற்று நேரத்தில் தேய்ந்து மறைந்தது. கை தட்டினார், கேட்டது. மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டார், கேட்கவே இல்லை. சுரத்தை வேண்டுமென்றே நடுங்கவிட்டார், விட்டுவிட்டுக் கேட்டது. ஒவ்வொன்றையும் நான் சொல்லச் சொல்ல, மறுபக்கத்தில் ‘ம்’ கொட்டும் ஓசை வேகம் கொண்டது.

“மாறாம வர்ற சத்தமெல்லாம் அதுக்கு ஃபேன்தான் சார். நாலு வருஷமா நான் அவர்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, சீரா வாசிங்கன்னு. வாசிச்சிட்டாரு மனுஷன். போன் அவரை ஃபேன்னு நினைச்சு அமுக்கிடுச்சு.”

செயலியைக் குடைந்து, பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி ஒன்று இருப்பதையும் அதை நிறுத்த முடியும் என்பதையும் கண்டுபிடித்தோம். அன்று மாலையே டீச்சர், தம் வாசலில் நின்றபடி மருந்துக்கடைக்காரரை அழைத்தார். அழைப்பு ஒலிபெருக்கியில் இருந்ததால் பக்கத்து வாசலில் நின்ற எனக்கும் கேட்டது. போன் செய்த வேலையை டீச்சர் விளக்கி முடித்தார். மறுமுனையில் மருந்துக்கடைக்காரர் மெல்லச் சொன்னார்:

“உங்க வில்லும்தான் டீச்சர் பாதியில நின்னுச்சு. நான் வாசிக்கிற மாதிரியே வாசிச்சுக் காட்டி, என்னைக் கிண்டல் பண்றீங்கன்னு நினைச்சேன்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, கிண்டல் பண்ணணும்னா வாயாலேயே பண்ணியிருப்பேனே. நான் சொன்ன அந்த வசதியை நிறுத்திட்டு, இப்ப வாசிங்க.”

அவர் வாசித்தார். சுரம் முழுதாக வந்தது. கூடவே ஒரு மோட்டார் சைக்கிளும், குழாயில் ஓடிய தண்ணீரும், “போன்காரன் மேல பழியைப் போட்டாச்சா?” என்ற மனைவியின் குரலும் வந்தன. வில் நின்றபின் மருந்துக்கடைக்காரர், அடுத்த வாரம் அதே நேரம்தானே என்று மட்டும் கேட்டார்.

டீச்சரும் தம் போனில் அந்த இரைச்சல் வடிகட்டியை எடுத்துவிட்டார். ஆனால் எடுத்துவிட்டால் எல்லாமே உள்ளே வரும். சுவர் தாண்டிப் போகும் என் குரல் உட்பட. அது வகுப்பறையின் கடைசி வரிசைக்காக வளர்த்த குரல். அடுத்த வாரமே மருந்துக்கடைக்காரர், நான் நடத்திய பாடத்தில் ஐயம் ஒன்று கேட்டனுப்பினார். டீச்சரோ என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், தம் வகுப்புகளையெல்லாம் நான் ஓய்ந்திருக்கும் வேளைகளுக்கு மாற்றிக்கொண்டார். சில விடியற்காலைக்குப் போயின. தாமதமாகத்தான் எனக்குத் தெரியவந்தது. என்றைக்கு வேண்டுமோ சொல்லுங்கள், என் வகுப்பைத் தள்ளிவைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று வாக்களித்தேன்.

“வாத்தியார் வாயை மூடுறதுன்னா பெரிய விஷயமாச்சே சார். வேணும்போது கேட்டு வாங்கிக்கிறேன்.”

மறு ஆண்டு டீச்சரின் கணவருக்குக் கரையில் வேலை கிடைத்து, குடிபெயர்ந்தார்கள். சாமான்கள் இறங்கிக்கொண்டிருந்த காலையில், காலியான அறையில் மருந்துக்கடைக்காரருக்கு வகுப்பு நடந்தது. இப்பக்கம் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நான் வாக்களித்த மௌனத்தை அன்றும் டீச்சர் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை.