கடைசிக் காட்சிக்குக் குரல் இல்லை

என் அப்பா டப்பிங் கலைஞர். வேலை பார்த்த காலத்தின் பெரும்பகுதியை மிருகமாகவே கழித்தார். குழந்தைகள் தொடர் ஒன்றில் கரடிக்குக் குரல் கொடுத்தார். தொடர் நின்றுபோன பிறகும் ஸ்டுடியோவில் அவருக்குக் கரடியண்ணன் என்றுதான் பெயர். ஓநாய், பூதம், பேசும் ரயில் இன்ஜின் எல்லாம் செய்திருக்கிறார். எப்போதாவது மனிதவேடம் வந்தால், "யாரது, நில்!" என்று கத்தும் காவலாளியாக இருக்கும்.

வீட்டில் அதிகம் பேசமாட்டார். தொண்டையைச் சேமிக்கிறாராம். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரை மேசையில் தட்டுவார்.

"வெளியில எல்லாத்தையும் வித்துத் தீத்துட்டு வீட்டுக்கு வெறும் பையோட வர்றாரு உங்கப்பா," என்பாள் அம்மா. "கல்யாணத்துக்கு முன்னாடி போன்ல என்னா பேச்சு! அது விளம்பரம்னு எனக்கு அப்ப தெரியல."

தலை முழுக்க நரைத்த பிறகு அப்பாவுக்கு அந்தத் தளபதி வேடம் வந்தது. ஜப்பானிலிருந்து வந்த வீடியோ கேம். ரோல் பிளேயிங் என்று சொல்லப்படும் வகை. தடித்த நாவல் போல நீளும். முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அத்தனை வசனத்துக்கும் குரல் பதிவு செய்தால் செலவு தாங்காது. அதனால் முக்கியமான காட்சிகளுக்கு மட்டும் குரல். மற்றதெல்லாம் திரையின் அடியில் ஒரு பெட்டிக்குள் எழுத்தாக ஓடும். பாத்திரம் ஒரு "ம்" போடும், அல்லது பெருமூச்சு விடும். மீதியை நாமே படித்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது.

"எழுத்து பாட்டுக்கு ஓடுது, இவன் மீன் மாதிரி வாயைத் தெறந்து தெறந்து மூடுறான். இதுக்குப் பேரு நடிப்பா?"

"படிக்கிறவங்க மனசுக்குள்ள ஒரு குரல் கேக்கும்ப்பா," என்றேன்.

"கேக்கும். அந்தக் குரலுக்கு யாரும் சம்பளம் தர வேண்டியதில்ல பாரு. அதான் கம்பெனிக்கு அது மேல அவ்வளவு பாசம்."

தளபதி ஒரு துரோகி. கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்டவன். கேம் முழுவதும் விளையாடுபவர் அவனைத் துரத்துகிறார். கடைசியில் அவன் அடிபட்டு விழுந்த பிறகுதான் ஏன் திறந்தான் என்று சொல்கிறான். அந்தப் பேச்சுக்காகத்தான் அத்தனை துரத்தலும்.

முதல் நாள் ஸ்டுடியோவில் டைரக்டர் சொல்லியிருக்கிறார்: "கரடியண்ணே, இதுக்குக் குரலை மாத்தாதீங்க. உங்க சொந்தக் குரல் போதும்."

அப்பா வீட்டுக்கு வந்து இதை இரண்டு முறை சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய சொற்பொழிவு.

"அப்ப இத்தனை வருஷமா யாரு குரல்ல பேசிட்டிருந்தீங்க?" என்றாள் அம்மா.

கடைசிக் காட்சியைக் குளியலறையில் ஒத்திகை பார்த்தார். அங்கேதான் எதிரொலிக்கும். எங்களுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. "வெளியில நின்னது படை இல்ல. பசியில இருந்த ஜனங்க. பிள்ளைங்கள இடுப்புல வெச்சுக்கிட்டு நின்னாங்க. நான் கதவைத் தெறந்தேன். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"இங்க வெளியில நானும்தான் நிக்கிறேன்," என்று அம்மா கதவைத் தட்டினாள். "அடுப்புல பால் இருக்கு. யோசிக்காம தெறங்க."

இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. சண்டைச் சத்தங்களைக் கடைசியில்தான் பதிவு செய்வார்கள். அடி வாங்குவது, எரிவது, உயரத்திலிருந்து விழுவது, வாளை வீசுவது என்று ஒவ்வொன்றிலும் பல விதம் வேண்டும். கத்தி முடித்தால் தொண்டை சல்லடை. அதன் பிறகு சில நாள் எந்த வேலையும் ஆகாது. ஆகவே வசனம் முழுவதும் முடிந்த பிறகே கத்தல்.

இந்த முறை கடைசிக் காட்சியின் இறுதி மொழிபெயர்ப்பு வந்து சேரவில்லை. அப்பா ஒத்திகை பார்த்த பழைய வடிவத்தைத் திருத்துகிறார்களாம். பதிவறையோ வாடகைக்கு எடுத்தாகிவிட்டது. "சும்மா இருக்கிற நேரத்துல கத்தலை முடிச்சிரலாம்ணே," என்றார் டைரக்டர். அப்பாவுக்குத் தெரியும், இது கூடாது என்று. ஆனால் சொந்தக் குரலில் பேசச் சொன்ன மனிதரிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கத்தினார்.

குரல் கம்மியது. வாரங்கள் போயும் திரும்பவில்லை. கத்தியதால்தான் என்று டைரக்டர் சொன்னார், அம்மா சொன்னாள், முதலில் பார்த்த டாக்டரும் சொன்னார். காரணம் கையிலேயே இருந்ததால் யாரும் வேறு காரணம் தேடவில்லை.

அந்தக் கம்மிய குரலிலேயே கடைசிக் காட்சியைப் பதிவு செய்தார்கள். அப்பா ஒரே டேக்கில் முடித்தாராம். டைரக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுவிட்டாராம். "சாகப்போறவன் குரல் இப்படித்தாண்ணே இருக்கும். தொடவே வேண்டாம்."

நான் மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர். அப்பாவின் தொண்டைக்குள் விட்ட கேமராவின் ரகம் எனக்குப் பழக்கம். லென்ஸில் அழுக்கு இருந்தால், ஒளி குறைந்தால் படத்தில் நிழல் விழும். படத்தில் தெரிந்த கட்டி வெறும் நிழலாக இருக்கக்கூடாதா என்று பார்த்தேன். கருவியில் குறையில்லை. படம் தெளிவாக இருந்தது.

குரல்வளையை எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியே.

அவர் கட்டிலில் இருந்தபோதுதான் வெளியீட்டு நிறுவனத்திலிருந்து பதில் வந்தது: கடைசிக் காட்சியின் குரல் முந்தைய காட்சிகளின் குரலோடு பொருந்தவில்லை. மறுபதிவு செய்யவும். இயலாவிட்டால் எழுத்தாக மாற்றவும்.

எழுத்தாக மாற்றினார்கள்.

வீட்டிலும் எழுத்துதான். அப்பா போனில் தட்டி நீட்டுவார். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, போட்டுப் படிப்பதற்குள் அவருடைய கிண்டல் ஆறிப்போயிருக்கும். அவள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல், "எதுக்கு இதை இப்ப சொல்றீங்க?" என்பாள். சண்டை இன்னும் மோசம். அவர் பதிலைத் தட்டி முடிப்பதற்குள் அவள் சமையலறைக்குப் போய்விடுவாள். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக எல்லாச் சண்டையிலும் அம்மாவே ஜெயித்தாள். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஜெயிச்சு என்னடி பிரயோஜனம்," என்று அழுதாள்.

கேம் வெளியானதும் அப்பா விளையாடினார். பொறுமையாக, தளபதியின் அறைவாசல் வரை. அதுவரை ஆடியதை அங்கே சேமித்துவிட்டு உள்ளே போனார். சண்டை முடிந்தது. தளபதி விழுந்தார். அதுவரை கணீரென்று பேசியவர் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினார். அடியில் பெட்டி வந்தது. வெளியில நின்னது படை இல்ல. அப்பா கடைசி வரி வரை படித்துவிட்டு, அதற்கு மேல் சேமிக்காமல் அணைத்தார்.

பிறகு அதைப் பற்றி மற்றவர்கள் இணையத்தில் எழுதியதைப் படித்தார். பலரும் அந்த இடத்தைத்தான் பாராட்டியிருந்தார்கள். "கடைசி சீன்ல வாய்ஸைக் கட் பண்ணிட்டு வெறும் எழுத்தை மட்டும் ஓட விட்டாங்க பாரு, அதுதான்யா டைரக்‌ஷன். அழுதுட்டேன்." அதன் கீழே இன்னொருவர்: "அங்க அந்த ஆளு பேசியிருந்தா சொதப்பியிருப்பாரு."

அப்பா எனக்கு அனுப்பினார்: நல்லா நடிச்சிருக்கேன் போல.

பக்கத்து அறையில்தான் இருந்தேன். போய் உட்கார்ந்தேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோய் திரும்பி வந்தது. அவர் போனார்.

காரியங்கள் முடிந்ததும் ஸ்டுடியோவுக்குப் போனேன். அந்த ஒரே டேக் வேண்டும். டைரக்டர் என்னை உட்கார வைத்தார், தேநீர் வரவழைத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேலை முடிஞ்சதும் பயன்படாத பதிவை எல்லாம் அழிச்சிரணும்மா. ஒப்பந்தம் அப்படி."

"பேக்கப்?"

"அதையும்தான்."

"நீங்க கேட்டிருக்கீங்கல்ல?"

"கேட்டேன்," என்றார். "நான் மட்டும் கேட்டேன்."

தேநீரைக் குடிக்காமல் வந்தேன்.

அம்மாவுக்குக் கரடித் தொடரைத் தேடிப்பிடித்துப் போட்டுக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னாள். "இது கரடி. எனக்கு அவர் வேணும். அந்த விளையாட்டுல இருக்காருன்னு சொன்னியே."

கேம் கருவியில் அப்பா விட்டுப்போன ஒரே ஒரு சேமிப்புதான் இருந்தது. தளபதியின் அறைவாசல். கதவு திறந்தது. தளபதி திரும்பி, "வந்துட்டியா," என்றார். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை.

"ஏன் பேசமாட்டேங்குறாரு?"

"இனிமே அடிச்சாதாம்மா சத்தம் வரும்."

அம்மா திரையையே பார்த்தாள். "மெதுவா அடி," என்றாள்.

நாயகனின் வாளைப் பிடுங்கிவிட்டுப் பயிற்சிக் கம்பைக் கொடுத்தேன். இருப்பதிலேயே வலுவில்லாத ஆயுதம் அது. அடித்தேன். அப்பா, "ஹக்," என்றார். அடித்தேன். "ஆ!" இன்னொரு அடிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு உறுமினார்.

"இது கட்டில் கால்ல இடிச்சுக்கிட்டா போடுற சத்தம்," என்றாள் அம்மா. "சம்பளம் வாங்காம எத்தனை தடவை எனக்குப் போட்டுக் காட்டியிருக்காரு. இன்னொண்ணு."

தளபதியின் பலம் குறைந்துகொண்டே வந்தது. எதிரிக்கே மருந்து கொடுக்க இந்த கேமில் வழி உண்டு. யாருக்கும் அது தேவைப்படாது. கொடுத்தேன். பலம் ஏறியது. மறுபடியும் அடித்தேன். மருந்து, அடி, மருந்து. அம்மா ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையசைத்தாள்.

மருந்து தீர்ந்தது. திரையில் அவர் பலத்தைக் காட்டும் கோடு ஒரு நூலளவுக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு அடி விழுந்தால் அவர் சாய்வார், எழுத்து ஓடத் தொடங்கும்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதாம்மா."

என் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கினாள். எந்தப் பொத்தானிலும் விரல் படாமல் மடியில் வைத்துக்கொண்டாள். இந்த கேமில் நம் முறை முடியும்வரை எதிரி காத்திருப்பான். எவ்வளவு நேரமானாலும் அசையமாட்டான். தளபதி வாளை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். அந்த மூச்சும் அப்பா பதிவு செய்ததுதான்.