குணம் மாஸ்ரர் நம்பாத படங்கள்

சுன்னாகம் சந்தைக்குப் பின்பக்கம் இருந்த அந்த ரியூசன் வகுப்புக் கொட்டிலை நினைத்தால் முதலில் வருவது வெங்காயச் சருகின் மணம்... பிறகு தகரக் கூரையின் வெக்கை. யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, ஞாயிறு பின்னேரங்களில் உலக சினிமா பார்ப்போம்.

சண்டை முடிந்து சில வருடங்கள்தான். நாலு பேர் கூடினாலே யாராவது வந்து விசாரிக்கும் காலம். கடைசி வாங்கில் எங்களுக்குத் தெரியாத இரண்டு பேர் எப்போதும் குந்தியிருப்பார்கள். படம் பார்க்க வந்தவர்களா, எங்களைப் பார்க்க வந்தவர்களா... யாரும் கேட்டதில்லை.

நான் அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். அதில் உலக சினிமா பற்றி எழுதியவர் குணம் மாஸ்ரர். தெல்லிப்பழைப் பக்கம் ஆங்கிலம் படிப்பித்தவர். ஈரான் படமோ, ஜப்பான் படமோ, விருது வாங்கியது என்றால் அவருக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். ‘வறுமையை ஏன் இவ்வளவு வடிவாகப் படம் பிடிக்கிறார்கள்? யார் பார்ப்பதற்கு?’ என்று எழுதுவார். கைக்காசில் எடுத்த சின்னப் படம் என்பதற்காக அது உண்மைதான் சொல்லும் என்று நம்பிவிடக்கூடாது என்பது அவருடைய கட்சி.

எனக்கோ அவர் மேலேயே சந்தேகம். இந்தப் படமெல்லாம் யாழ்ப்பாணத்தில் எங்கே கிடைக்கிறது? ஏதோ ஆங்கிலப் பத்திரிகையைப் பார்த்து எழுதுகிறார் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு, வெளிநாட்டில் வளர்ந்த எங்கள் ஊர் இளைஞன் ஒருவன் தன் படத்தோடு வந்தான். கோப்பாயில் எடுத்த டொக்கியூமென்றரி. சண்டையின் கடைசியில் காணாமல்போன கணவனைத் தேடும் வசந்தி அக்காவின் கதை. வெளியில் ஏதோ விழாவில் பரிசும் வாங்கியதாம். வசந்தி அக்காவே முன் வரிசையில் இருந்தார்.

படத்தின் கடைசிக் காட்சி... பொழுதுபடும் நேரம், கிணற்றடியில் குந்தியிருந்து, ஒரு நீலச் சேர்ட்டை முகத்தில் அமத்திக்கொண்டு அவர் அழுகிறார். ‘கணவனிடமிருந்து மிஞ்சியது இது ஒன்றுதான்’ என்கிறது பின்னணிக் குரல்.

லைற் போட்டபோது எல்லோரும் கண் துடைத்துக்கொண்டிருந்தார்கள். குணம் மாஸ்ரர் எழும்பினார்.

“தம்பி, ஒரு கேள்வி. அந்தச் சேர்ட்டிலை கடையிலை மடிச்ச மடிப்பு அப்பிடியே கிடக்கு. அது ஆரின்ரை சேர்ட்?”

“இருங்கோ மாஸ்ரர்!” என்று யாரோ கத்தினார்கள். “ஒரு மனுசியின்ரை கண்ணீரையுமே சந்தேகப்படுறது?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த இளைஞன் வயரைச் சுருட்டத் தொடங்கினான். வசந்தி அக்காதான் எழும்பினார். கடைசி வாங்கை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“மாஸ்ரர் கேட்டது சரி. அது அவரின்ரை சேர்ட் இல்லை. அவரின்ரை ஒண்டுமே மிஞ்சேல்லை, எல்லாத்தையும் விட்டிட்டுத்தான் வந்தனாங்கள். தம்பி கையிலை பிடிக்கச் சொன்னார், பிடிச்சன். ஆனா நான் அழுதது நடிப்பில்லை.”

மாஸ்ரர் மெல்ல வாங்கில் இருந்துவிட்டார்.

அந்த வாரம் அவருடைய கட்டுரை நேரத்துக்கு வரவில்லை. பக்கத்தைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஆள்தான் வந்தார்.

“பிள்ளை, கோப்பாய்க்கு ஒருக்கா வாறியே? வசந்திப் பிள்ளையைப் பாக்கோணும். தனியப் போக ஒரு மாதிரிக் கிடக்கு.”

இரண்டு சைக்கிளில் போனோம். வழியில் கேட்டே விட்டேன்.

“மாஸ்ரர், நீங்கள் எழுதிற படமெல்லாம் உண்மையாப் பாத்தனீங்களோ?”

அவர் சைக்கிளை நிறுத்தாமலே சிரித்தார். “ஓம், பாத்தனான். கொழும்பிலை இருந்து மருமோன் சீடி அனுப்புறவன். ஆனா நான் சொல்லுறன் எண்டு நம்பாதை. வீட்டை வந்து பார்.”

வசந்தி அக்கா தேத்தண்ணி தந்தார். மாஸ்ரர் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “சபையிலை உங்களை நோகடிச்சுப்போட்டன்” என்றார்.

“அதை விடுங்கோ மாஸ்ரர். எனக்கு வேறை கவலை. தம்பி நாள் முழுக்க என்னைக் கதைக்க விட்டவர். நான் கூடுதலாச் சொன்னது என்ரை மனுசன்ரை பகிடியளைத்தான். ரவுணிலை படம் பாத்திட்டு வந்து எனக்குக் கதை சொல்லுவார். செத்த ஆக்களை எல்லாம் உயிரோடை கொண்டுவந்துதான் முடிப்பார், நான் அழுவன் எண்டு. பிறகு நான் அந்தப் படத்தைப் பாத்திட்டு, ‘என்னப்பா, இப்பிடிப் புளுகியிருக்கிறீர்’ எண்டு சண்டை பிடிப்பன்.”

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்ரரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

“கமராவுக்கு முன்னாலையும் இப்பிடித்தான் சிரிச்சனான். அதைத் தம்பி முழுக்க வெட்டிப்போட்டார். படத்திலை இருக்கிற ஆளைப் பாத்தா என்ரை மனுசனுக்கே என்னை அடையாளம் தெரியாது.”

மாஸ்ரரின் கட்டுரை மறுநாள் வந்தது. சேர்ட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. படத்தில் இல்லாத அந்தச் சிரிப்பைப் பற்றி மட்டும்தான் எழுதியிருந்தார். நான் எழுத்துப் பிழை பார்க்கையில் கணினித் திரை மங்கிப்போனது...

பிறகு அந்த இளைஞன் சிரிப்பைச் சேர்த்து, பின்னணிக் குரலை எடுத்துவிட்டு, படத்தைத் திருத்தினானாம். வசந்தி அக்கா சொன்னார். மாஸ்ரர், “கண்ணாலை பாத்தாப் பிறகு நம்புவம்” என்றார்.

இப்போது எந்த நாட்டுப் படமும் ஃபோனுக்குள் கிடக்கிறது. மாஸ்ரர் கனடாவில் மகளோடு. இடைக்கிடை கோல் எடுத்து, “என்ன பாத்தனி? நம்பினியோ?” என்று கேட்பார்.

போன கிழமையும் ஒரு படம் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெண்ணொருத்தி தொடக்கத்திலிருந்து முடிவு வரை அழுகிறாள். எழுதியவர்கள் எல்லோரும் புகழ்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும், இவள் சிரித்ததை எங்கே வெட்டிப் போட்டார்கள் என்ற யோசனை... அதைப் பக்கத்தில் திரும்பி மாஸ்ரரிடம் சொல்லலாம் என்றால் ஆளில்லை.