பால் டாங்கர் டெலித்தின் மஞ்சள் புஷ்கள்

ராட்னர் மலைப்பக்கத்துப் பண்ணைகளில் டெலித் ப்ரோபர்ட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. பதினேழு வருஷமாக அங்கே பால் டாங்கர் ஓட்டுகிறவள். இரண்டு பக்கமும் வேலிச்செடி உரசுகிற சந்தில் அவ்வளவு பெரிய வண்டியை ரிவர்ஸிலேயே அரை மைல் கொண்டுபோவாள். குறுக்கே ஆடு நின்றால் ஹாரன் அடிக்க மாட்டாள். கண்ணாடியை இறக்கி, அந்த ஆட்டை அதன் சொந்தக்காரன் பெயரைச் சொல்லித் திட்டுவாள். ஆடும் நகரும், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற சொந்தக்காரனும் நகருவான்.

வாரத்தில் ஆறு நாள் டாங்கர். மே மாதத்திலிருந்து செப்டம்பர்வரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ப்ரின் கோக் மலையேற்றப் பந்தயம். எஸ்டேட் மாளிகைக்குப் போகிற எண்ணூறு கஜம் பாதைதான் களம். ஒவ்வொரு காராக, கீழேயிருந்து மேலே, கடிகாரத்தோடு மட்டும் போட்டி. டெலித்தின் கார் எழுபத்தாறாம் வருஷத்து ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். இரண்டே இருக்கை, கூரை இல்லை, பச்சை நிறம். பெயின்ட் உரிந்த இடங்களில் அதற்கு முந்தைய சிவப்பு தெரியும்.

நாலு வருஷமாக அவள் தன் பிரிவில் இரண்டாம் இடம். முதலிடம் ஆப்ரி ட்ரான்டருக்கு. ஹெரஃபோர்டில் பல் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். எம்.ஜி. மிட்ஜெட் கார் வைத்திருந்தார். அதன் வீல் நட்டுகளைக்கூடப் பல் துலக்குகிற பிரஷால் சுத்தம் செய்கிறவர் என்று பேச்சு. அவருடைய சிறந்த நேரம் நாற்பத்திரண்டு புள்ளி இரண்டு வினாடி. டெலித்துடையது நாற்பத்து மூன்று புள்ளி மூன்று. நடுவில் ஒரு வினாடிக்குக் கொஞ்சம் அதிகம். மலையேற்றத்தில் அது ஒரு கடல்.

"ப்ரோபர்ட் அம்மணி, நீங்க மேலே வந்து சேர்றதுக்குள்ள நான் ஒரு பல்லே பிடுங்கியிருப்பேன்" என்பார் ஆப்ரி, ஒவ்வொரு தடவையும் டீயை நீட்டிக்கொண்டே.

"உங்ககிட்ட வந்தவங்க பாவம் டாக்டர். ஊசி போடாமயே பிடுங்குறீங்க" என்று டீயை வாங்கிக்கொள்வாள்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் எல்லோரும் இன்ஜினைத்தான் சொன்னார்கள். கார்புரேட்டரை மாற்று என்றான் ஒருவன், சைலன்சரை மாற்று என்றான் இன்னொருவன். இரண்டையும் மாற்றினாள். சத்தம் கூடியது, நேரம் குறையவில்லை.

விடை கிடைத்தது பால் டாங்கரில்.

ஏப்ரல் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பெவன் பண்ணையிலிருந்து பாதி நிறைந்த டாங்கரோடு இறங்கிக்கொண்டிருந்தாள். வளைவில் ஒரு ட்ராக்டர் குறுக்கே வர, பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. நின்று ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, உள்ளே இருந்த பால் மொத்தமும் முன்னால் வந்து மோதி வண்டியை ஒரு தள்ளுத் தள்ளியது. பால் டாங்கருக்குள்ளே தடுப்புச் சுவர் கிடையாது, கழுவுவதற்குத் தோதாக வெறும் குழாய்தான். பதினேழு வருஷமாகத் தினமும் வாங்குகிற தள்ளுதான் அது. ஆனால் அன்றைக்கு அவள் கை ஸ்டீயரிங்கிலேயே உறைந்து நின்றது.

"இதே தாமதம்தானே அதுலயும் இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

ஸ்பிட்ஃபயரில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும். கார் திரும்பாது. அரை நொடி யோசித்துவிட்டு, அப்புறம்தான் மூக்கைத் திருப்பும். நாலு வருஷமாக அதைக் காரின் குணம் என்று நினைத்திருந்தாள். அது குணமில்லை, எங்கேயோ ஆட்டம். ட்ராக்டர்காரன் கையாட்டிக் கையாட்டி அலுத்துப்போய் ஹாரன் அடித்த பிறகுதான் அவளுக்கு வண்டியை நகர்த்தத் தோன்றியது.

மதியம் வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் புகுந்தாள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையில் கம்பியை விட்டு நெம்பினாள். ஆர்ம் விரல் அகலத்துக்கு நகர்ந்தது. ஆர்ம் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம், அதாவது புஷ், இருபத்தெட்டு வருஷம் எண்ணெயும் மழையும் குடித்து, நகத்தால் கீறினாலே கறுப்பு மாவாகக் கொட்டியது.

அவள் கணவன் இட்வல் ஊர் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவன். அதிகாலையில் போய்விட்டு மதியத்துக்கெல்லாம் திரும்பிவிடுவான். காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பூட்ஸையும் பார்த்துக் கேட்டான்.

"டெலி, உயிரோட இருக்கியா?"

"இட்வல், கேளு. இந்தக் கார் நாலு வருஷமா கேக்கு மேல நின்னுட்டு இருந்திருக்கு."

"நல்ல கேக்கா?"

"ஊசிப்போன கேக்கு."

யூரித்தேன் புஷ் என்று ஒன்று உண்டு. ரப்பரைவிட இறுக்கமான பிளாஸ்டிக், நசுங்காது, எண்ணெய் பட்டாலும் ஊறாது. பந்தயக்காரர்கள் போடுவார்கள் என்று டெலித் கேள்விப்பட்டிருந்தாள். அன்றைக்கே போன் செய்து வரவழைத்தாள். வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது. முன்பக்கத்துக்கு எட்டு, பின்பக்கத்துக்கு நாலு, எல்லாம் பளிச்சென்ற மஞ்சள். சாப்பாட்டு மேஜையில் அவற்றை வரிசையாக அடுக்கிவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். இட்வலும் ஒன்றை எடுத்து அழுத்தினான்.

"இந்த நாலு துண்டு பிளாஸ்டிக் ஒரு செகண்டு தரும்னு சொல்ற."

"பன்னெண்டு துண்டு."

"அப்ப சரி" என்றான் இட்வல்.

சனிக்கிழமை மதியமும் ஞாயிற்றுக்கிழமையும் ஷெட்டிலேயே போயின. பழைய புஷ் வெளியே வரமாட்டேன் என்றது. ரப்பரை டிரில் போட்டுக் குடைந்து எடுத்தாலும், அதைச் சுற்றியிருக்கும் இரும்புக் கூடு ஆர்முக்குள்ளேயே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. ஆக்சா பிளேடை மட்டும் உள்ளே விட்டு, ஆர்மில் கீறல் விழாமல் கூட்டை அறுத்து, உளியால் சுருட்டி எடுத்தாள். முதல் புஷ்ஷுக்கு ஒன்றரை மணி நேரம். கடைசி புஷ்ஷுக்குப் பத்து நிமிஷம். ஒவ்வொன்று விழும்போதும் வாளியில் 'டங்' என்று ஒரு சத்தம், கூடவே அவளிடமிருந்து ஒரு சிரிப்பு.

புதியவை வைஸில் வைத்து அழுத்தினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. அவை கீச்சிடாமல் இருக்கப் பிசுபிசுவென்று ஒரு கிரீஸ் உண்டு. அதைத் தடவுகிற வேலை இட்வலுக்கு. டின்னுக்கு வெண்ணெய் தடவுகிறவன் கை, மூலை முடுக்கு விடாது.

"எல்லாத்துலயும் தடவிட்டியா?"

"இருபது வருஷமா என் ரொட்டி ஒண்ணாவது டின்னுல ஒட்டியிருக்கா, சொல்லு."

கடைசியாகக் கயிறு கட்டி, முன்சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அளந்து சரிசெய்தாள். ஞாயிறு மாலை நாலு மணிக்கு, தேவாலயம்வரை போகிற சாலையில் காரை எடுத்தாள். இட்வல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முதல் வளைவில் ஸ்டீயரிங்கைத் தொட்டாள். கார் திரும்பிவிட்டது. தாமதம் இல்லை, யோசனை இல்லை. அவள் நினைக்கிற வேகத்தில் மூக்கு உள்ளே போனது. சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லும் கையில் வந்து பெயர் சொன்னது. திரும்பி வந்து அதே வளைவை மறுபடி எடுத்தாள். அப்புறம் மறுபடி. தேவாலயத்திலிருந்து வெளியே வந்தவர்கள் மூன்று தடவை ஒரே காருக்கு ஒதுங்கி நின்றார்கள்.

"என் பல்லெல்லாம் ஆடுது" என்றான் இட்வல்.

"ட்ரான்டர்கிட்ட காட்டிக்கலாம். அடுத்த ஞாயிறு பார்க்கத்தானே போறோம்."

அந்த அடுத்த ஞாயிறு, மே மாதத்தில், அந்த வருஷத்தின் முதல் பந்தயம். வெயில் நன்றாக அடித்தது, பாதை காய்ந்திருந்தது. ப்ரின் கோக்கில் கார்கள் நிறுத்துகிற புல்வெளிக்குள் ஸ்பிட்ஃபயர் மெதுவாக நுழைந்தபோது, மேட்டில் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் கீச், கீச் என்று ஒரு சத்தம் வந்தது. ஆப்ரி டீக் குவளையோடு எழுந்து நின்றார்.

"பன்னிக்குட்டி எதையாவது கூட்டிட்டு வந்திருக்கீங்களா அம்மணி? பந்தயத்துல பயணிகளுக்கு அனுமதி இல்லையே."

டெலித் இட்வலைப் பார்த்தாள். இட்வல் வானத்தைப் பார்த்தான்.

"வலதுபக்கம் மேல் ஆர்ம்" என்றான். "நீ போன் பேசப் போனப்ப. நீ தடவியிருப்பேன்னு நினைச்சேன்."

"நீ தடவியிருப்பேன்னு நான் நினைச்சேன்."

பந்தயத்துக்கு முன்னால் கார்களைப் பார்க்கிற சோதனையாளர் காரைக் குலுக்கிப் பார்த்தார். பழுதில்லை, சத்தம்தான் என்று ஓட்ட விட்டார். ஆனால் காலைப் பயிற்சியில் நடந்ததற்கும் கீச்சுக்கும் சம்பந்தமில்லை. பாதையின் நடுவே இரண்டு கல் தூண்களுக்கு நடுவே போகிற வளைவு ஒன்று உண்டு. தூண் வளைவு என்றே பெயர். நாலு வருஷப் பழக்கத்தில் டெலித்தின் கை முன்கூட்டியே திரும்பியது, கார் அரை நொடி தாமதமாக வரும் என்று நம்பி. கார் உடனே வந்தது. உள்பக்கத் தூண் முகத்துக்கு நேரே எழுந்து நின்றது. அவள் பிரேக்கை மிதித்து, புல்லில் இரண்டு சக்கரத்தை இறக்கி, ஒரு சாண் தள்ளித் தப்பினாள். நேரம் நாற்பத்தாறு. கீழே வந்து இறங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னாச்சு?" இட்வல் ஓடிவந்தான்.

"தப்பு கார்கிட்ட இல்ல. எங்கிட்ட. இட்வல், இது சொன்னா கேக்குது. சொன்ன உடனே கேக்குது."

சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம். வலதுபக்க ஆர்மைக் கழற்றி கிரீஸ் தடவலாம். இல்லையென்றால் தூண் வளைவுக்கு நடந்துபோய் எங்கே திரும்புவது என்று பார்க்கலாம். இரண்டுக்கும் சேர்த்து நேரம் போதாது. அவள் தயங்கி நிற்பதை ஆப்ரி பார்த்துக்கொண்டிருந்தார். குவளையைக் கீழே வைத்தார். இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டையோடு புல்லில் மண்டியிட்டார்.

"நீங்க போய்ப் பாதையைப் பாருங்க. நானும் பேக்கரியும் இதைப் பார்த்துக்கிறோம்."

"டாக்டர், நீங்க ஏன்?"

"நாலு வருஷமா எனக்குப் போட்டியே இல்ல. போரடிக்குது. போங்க."

டெலித் தனியாக மேலே ஏறினாள். தூண் வளைவில் காரின் உயரத்துக்குக் குனிந்து, நடந்து, மறுபடி பின்னால் வந்து நடந்தாள். பழைய இடத்தைத் தாண்டிப் பதினோரு தப்படி. அங்கே ஓர் இரும்புச் சாக்கடை மூடி இருந்தது. அதுவரை நேராக. அங்கேதான் கை அசையவேண்டும். மனசுக்குள் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாள். கீழே ஆப்ரியின் கால்சட்டை முழங்காலில் கறுப்பு. இட்வல் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். சோதனையாளர் நட்டுகளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். காரை அழுத்தினால் சத்தமே இல்லை.

ஆளுக்கு இரண்டு ஓட்டம், சிறந்த நேரம்தான் கணக்கு. முதல் ஓட்டம். மூடிவரை பொறுக்க முடியாமல் ஒரு தப்படி முன்னாலேயே திரும்பிவிட்டாள். அப்படியும் நாற்பத்திரண்டு புள்ளி ஏழு நாலு. அவளுடைய பழைய சிறந்த நேரத்தைவிட அரை வினாடிக்கு மேல் குறைவு. ஒலிபெருக்கி அதைச் சொன்னதும் டீக்கடைப் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆப்ரி நாற்பத்திரண்டு புள்ளி மூன்று ஒன்று.

இரண்டாம் ஓட்டம். விளக்கு பச்சையானது. முதல் நேர்ப்பாதை, இடது வளைவு, மரங்களின் நிழல். தூண்கள் தெரிந்தன. கை திரும்பத் துடித்தது. அவள் அதை அடக்கினாள். தூண் பெரிதாகிக்கொண்டே வந்தது. பொறு. பொறு. மூடி சக்கரத்தடியில் மறைந்தது. திருப்பினாள். கார் இரண்டு தூண்களுக்கும் நடுவே, நூல் கோத்த மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது. வெளியே வரும்போதே அவள் கால் ஆக்சிலரேட்டரில் முழுசாக இருந்தது. இதற்கு முன்னால் அந்த இடத்தில் அது ஒருநாளும் முழுசாகப் போனதில்லை. மேலே எல்லைக்கோட்டைத் தாண்டியும் காலை எடுக்க மறந்து, நிறுத்துமிடத்துக் கொடிக்காரரைப் புதருக்குள் குதிக்க வைத்தாள்.

நாற்பத்தொன்று புள்ளி ஒன்பது ஐந்து.

முதல் ஓட்டத்தில் முன்னணியில் இருந்தவர் என்பதால் ஆப்ரி கடைசியாக ஓடினார். டெலித் மேலேயே, ஹெல்மெட்டைக் கழற்றாமல், காருக்குப் பக்கத்தில் நின்றாள். மிட்ஜெட்டின் சத்தம் மரங்களுக்குள் ஏறிவந்தது. நல்ல ஓட்டம். அவருடைய வாழ்க்கையிலேயே சிறந்த ஓட்டம். ஒலிபெருக்கி கரகரத்தது. நாற்பத்திரண்டு புள்ளி பூஜ்யம் எட்டு.

ஆப்ரி காரை அவளுக்கு அருகில் நிறுத்தினார். இறங்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எவ்வளவு வித்தியாசம்?"

"ஒரு செகண்டுல நூத்துக்குப் பதிமூணு பங்கு டாக்டர்."

"அதுக்குள்ள ஒரு பல்லுகூடப் பிடுங்க முடியாது" என்றார். பிறகு இறங்கி, ஏற்கெனவே கெட்டுப்போன கால்சட்டை என்பதால் தயங்காமல், மல்லாந்து படுத்து ஸ்பிட்ஃபயரின் அடியில் தலையை விட்டார். அங்கேயிருந்தே குரல் வந்தது. "இந்த மஞ்சள் எங்க வாங்கினீங்க? என்னோடதுக்கும் கிடைக்குமா?"

"கிடைக்கும். ஆனா கிரீஸ் தடவ ஆள் வேணும்னா பேக்கரியை வாடகைக்குத் தரமாட்டேன்."

ஜூன் மாதப் பந்தயத்தில் மிட்ஜெட்டும் புது புஷ்ஷோடு வந்தது. ஆப்ரி நாற்பத்தொன்று புள்ளி ஏழு ஓடி முதலிடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஜூலையில் டெலித் அதைப் பிடுங்கினாள். ஆகஸ்ட்டில் மழை, இரண்டு பேருமே புல்லில் போய் விழுந்தார்கள். அந்த வருஷம் முழுக்க ப்ரின் கோக்கில் ஜனங்கள் பெரிய கார்களை விட்டுவிட்டு இந்த இரண்டு சின்னக் கார்களைப் பார்க்கத்தான் தூண் வளைவில் கூடினார்கள். திங்கட்கிழமைகளில் டாங்கர் வந்தால் பண்ணைக்காரர்கள் பாலின் அளவைக் கேட்பதற்கு முன்னால் நேற்றைய நேரத்தைக் கேட்டார்கள். டெலித் குழாயைப் பொருத்திக்கொண்டே, ஒவ்வொரு வளைவாக, கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவாள். மாடுகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும்.