செவலை படித்த பள்ளிக்கூடம்

எங்கள் செவலைப் பசுவை நைனா பட்டியில் அடைக்கவிட்ட நாளிலிருந்து, பெற்ற அப்பா என்றும் பார்க்காமல் நான் அவரோடு பேசவில்லை. பக்கத்துக் கொல்லை மாமாதான் பிடித்துக்கொண்டு போனார், செவலை அவர் கடலைச் செடியை மேய்ந்துவிட்டது என்று ஊரே சாதித்தது. எனக்கு ஒன்பது வயசு, ஆனால் கண் இருந்ததே! நைனாவே கயிற்றை அவிழ்த்து அவர் கையில் கொடுத்து, "இட்டுக்கினு போ மாமா" என்றதை நான் வாசலில் நின்று பார்த்தேன். மாமா திரும்பி வந்ததும் அவருடைய கருப்பு எருமையை நைனா பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனார். அது எங்கள் கொல்லையை மேய்ந்ததாம்! அந்த எருமை ஒரு காலும் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

பட்டி என்றால், பயிரில் வாய் வைத்த மாட்டைப் பிடித்து ஜில்லா போர்டார் அடைக்கிற இடம். அபராதம் கட்டினால் மாடு வீடு திரும்பும். கெடு தாண்டினால் ஏலம். எங்கள் ஊர்ப் பட்டிக்கு ஒரு விசேஷம் உண்டு. அதற்கு முந்தின மழைக்காலம் வரை அதுதான் என் பள்ளிக்கூடம்.

புயலில் கூரை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் நாங்கள் தப்பினோம். சுவர் நாலும் விழாமல் நின்றன. வாத்தியார் எங்களைப் புங்கமரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பாடம் நடத்தினார். என் அண்ணனும் மற்றப் பையன்களும் அந்த வாரமே ஆற்றைத் தாண்டி நகரிப் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். நைனாவும் ஊர்க்காரர் நாலு பேரும் மனு எழுதிக்கொண்டு போர்டு ஆபீசுக்கு மூன்று தரம் போனார்கள். அப்போது ஆந்திரா தனி ராஜ்யமாகிவிட்டது, ஆனால் எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று முடிவாகவில்லை. அதனால் ஒவ்வொரு தரமும் ஒரே பதில்: "கூரய நாங்க போட்டா, நாளைக்கி மெட்ராஸ்காரன் வந்து நெழல்ல உக்காருவான். எல்லை முடிவாகட்டும்." இதெல்லாம் ஒரு பதிலா? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மழையும் வெயிலும் எல்லை முடிவாகட்டும் என்று காத்திருந்ததா என்ன?

சுவர் நாலும் சும்மா நிற்பதைப் பார்த்த போர்டார், அதில் மாட்டை அடைக்க உத்தரவு போட்டார்கள். எங்கள் கரும்பலகையைப் பெயர்த்துப் பட்டிக்குப் படலாகக் கட்டினான் காவல்காரன். அந்தப் பலகையில் மாடுகள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றன. அப்புறம் இன்னொரு உத்தரவு தெலுங்கில் வந்தது. வாத்தியார் புங்கமரத்தடியில் ஊரைக் கூட்டிப் படித்து அர்த்தம் சொன்னார். எங்கள் ஊரில் பள்ளிக்கூடக் கட்டடமே இல்லையாம். ஆகவே வருஷக் கடைசியில் பள்ளியை எடுத்துவிட்டுப் பிள்ளைகளை நகரியில் சேர்க்கப் போகிறார்களாம்.

"கட்டடம் இல்லியா? அப்ப மாடு எங்க கட்டிக்கீது, ஆகாசத்துலயா?" என்று அத்தை சத்தம் போட்டாள். அத்தை நைனாவுக்கு அக்கா. அவள் வாயைத் திறந்தால் போகிற பஸ் நிற்கும் என்பார்கள்.

நகரி மூன்று மைல், நடுவில் ஆறு. பெண்பிள்ளையை ஆற்றைத் தாண்டி அனுப்புகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. உத்தரவு நடந்தால் நாலாவதோடு என் படிப்பு தீர்ந்தது, அப்புறம் ஆடு மேய்க்க வேண்டியதுதான். இது ஊருக்கே தெரியும். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. நானும் அண்ணனோடு நகரிக்குப் போவேன், ஆற்றில் இறங்கி ஆடுவேன், ரயில் பார்ப்பேன் என்று நான் பாட்டுக்குக் குதித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள்தான் செவலை போயிற்று. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஊரில் இருந்த மாடெல்லாம் ஒருவர் பயிரை ஒருவர் மாடு மேய்ந்த குற்றத்துக்குப் பட்டிக்குள் போய்விட்டன. சாதாரணமாகப் பக்கத்து வீட்டு மாடு வயலையே காலி பண்ணினாலும் பட்டிக்கு ஓட்டுகிற ஜனங்கள் இல்லை நாங்கள். பட்டிக்கு ஓட்டினால் ஏழு தலைமுறைக்குப் பேச்சு கிடையாது. அன்றைக்கோ எல்லாரும் சிரித்துக்கொண்டே ஓட்டினார்கள், ஒவ்வொருவரும் மறக்காமல் ரசீது கேட்டு வாங்கினார்கள். காவல்காரன் எழுதி எழுதிக் கை வீங்கிப்போனான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்குச் சட்டத்தில் இடமில்லை. மொத்தம் முப்பத்தேழு ரசீது.

யாரும் மீட்கப் போகவில்லை. அத்தனை மாட்டுக்கும் காவல்காரன் ஒருவனே வைக்கோல் போட்டுத் தண்ணீர் காட்டினான். செவலை அம்மா கைக்குத்தான் பால் விடும். இவன் செம்போடு போனபோது விட்ட உதையில் செம்பு போன திசை தெரியவில்லை. "இன்னும் ரெண்டு உதடி என் கண்ணு" என்று அத்தை ரோட்டில் நின்று உற்சாகப்படுத்தினாள். அம்மா மட்டும் கன்று கத்துகிற போதெல்லாம் வாசலுக்கு வந்து வந்து நின்றாள். நான் சோறு தின்னாமல் அடம் பிடித்தேன். நைனா சாப்பிடக் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கெடு முடிந்து ஏலத்துக்கு நாள் வைத்தார்கள். ஏலம் போடப் போர்டு ஆபீசரே நேரில் வந்தாக வேண்டும். நாராயணவனம், பாலசமுத்திரம், விஜயபுரம் வரைக்கும் ஊரார் ஆள் அனுப்பி, ஏலத்துக்கு யாரும் வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆனாலும் அன்றைக்கு எங்கிருந்தோ ஒரு மாட்டுத் தரகர் வந்து, தோளில் துண்டோடு ஓரமாக நின்றார். நைனா முகம் கறுத்துவிட்டது.

ஜீப்பில் வந்த போர்டு ஆபீசர் முதலில் செவலையைத்தான் ஏலத்துக்கு எடுத்தார். காவல்காரன் அதைக் காட்டிக் கூவினான். ஊரே வாயைக் கட்டிக்கொண்டு நின்றது. மறுபடி கூவினான். சத்தமில்லை. தரகரும் ஊரார் முகத்தைப் பார்த்துவிட்டு மூச்சு விடவில்லை. எலும்பு தெரிய, கொம்பில் பொங்கல் சாயம் உரிந்து, செவலை ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. இத்தனை பேர் இருந்தும் எங்கள் மாட்டைக் கேட்க ஒரு ஆள் இல்லையா? எனக்கு மானம் போயிற்று.

"எட்டணா!" என்று கத்தினேன்.

அம்மா என் வாயைப் பொத்த ஓடிவந்தாள். ஊரே கட்டிக் காத்ததை நான் ஒரு நொடியில் போட்டு உடைத்துவிட்டேன். ஏலக் கேள்வி கிளம்பிவிட்டால் தரகர் மேலே கேட்கலாம், மாடு போய்விடும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டதைப் பார்த்ததும் அத்தை அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவள் ஒன்றும் பேசவில்லை. அவர் வாயைத் திறக்காமல் ரோட்டுக்கு நடந்துவிட்டார்.

ஆபீசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா பாப்பா, நூ ஏ கிளாசு?" என்றார்.

"நாலாவது."

"ஸ்கூலு எக்கட?"

நான் செவலையைக் காட்டினேன். "தோ, எங்க மாடு நிக்குதே, அதான் என் எடம். ஜன்னல் பக்கம்."

நான் எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே அது என் இடம்தான். ஆனால் அங்கே நின்ற அத்தனை பேரும் அந்த ஜன்னலைப் பார்த்தார்கள், ஆபீசரும் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றது.

அப்போதுதான் நைனா முன்னால் போய் மேல்துண்டை விரித்து, முப்பத்தேழு ரசீதையும் அதில் கொட்டினார். ஒவ்வொன்றிலும் மாடு அடைத்த இடம் என்று போர்டு முத்திரைக்குக் கீழே எழுதியிருந்தது: ஆரம்பப் பள்ளிக் கட்டடம்.

"கட்டடம் இல்லன்னு உங்க உத்தரவு சொல்லுது சார். கீதுன்னு முப்பத்தேழு தரம் உங்க ஆளே எழுதிக் குடுத்துக்கிறாரு. எது நெஜம்னு நீங்களே சொல்லுங்க. மேல கேக்கற எடத்துல அதயே நாங்களும் சொல்றோம்."

ஆபீசர் ஒவ்வொரு ரசீதாகப் புரட்டினார். காவல்காரனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாடுகளை ஓட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பள்ளியை எடுக்கிற உத்தரவு கொஞ்ச நாளில் ரத்தாயிற்று. கூரைக்கு மட்டும் காலணா வரவில்லை. "நீ என்னாத்துக்குய்யா போடணும்?" என்று அத்தை, போய்விட்ட ஜீப்பைப் பார்த்துக் கத்தினாள். சாணியை வாரிக் கொட்டி, வீட்டுக்கு இத்தனை கட்டு என்று கரும்புத் தோகை போட்டு ஊராரே வேய்ந்தார்கள். பிறகு எல்லை முடிவாகி, நாங்கள் ஆந்திராப் பக்கமே நின்றுவிட்டோம். அந்தக் கூரையும் எங்கள் தலைமேல் நின்றது.

செவலைக்குப் பால் வற்றிப்போயிருந்தது. எனக்கு மோருமில்லை, ரயிலுமில்லை.

புதுக் கூரைக்குள் உட்கார்ந்த முதல் நாள் சாயங்காலம், கோபம் தாங்காமல் நானே போய் நைனாவிடம் பேசினேன். மொத்தம் பதினோரு பேர்தான் வந்திருந்தோம்.

"பசங்க ஒருத்தன்கூட இல்ல நைனா. எல்லாம் பொட்டப்புள்ளைங்க. இந்தப் பள்ளிக்கோடத்துக்கா நம்ம மாட்ட உட்ட?"

நைனா கன்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, இந்தப் பள்ளிக்கோடத்துக்குத்தான்" என்றார்.

எனக்கு இன்னும் கோபம் வந்தது. மேலும் நாலு நாள் நான் அவரோடு பேசவில்லை.