பையிலிருந்து எடுத்த டம்ளர்

இரண்டு வருடத்துக்கு முன்னால், பொங்கல் முடிந்த கையோடு பாகூரில் நடந்தது இது. ஏரிப் பாசனத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்ய பிரான்சிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். சின்ன வயசுதான். அங்கேயே ஏதோ கல்லூரியில் தமிழ் படித்தவள். நூறு நாள் வேலையில் ஏரிக்கரைப் பெண்களை வேலை வாங்குகிறவள் நான். எல்லாரையும் தெரியும் என்பதால், கூடப் போய் வீடுகளைக் காட்டச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

முதல் நாள் மதியம் அவளை என் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனேன். பிரெஞ்சுக்காரர்கள் எதையும் தின்பார்கள் என்று பாண்டிச்சேரியில் எல்லாரும் சொல்வார்கள். அதை நம்பி, நல்ல இறாலாகப் பார்த்து வாங்கித் தொக்கு செய்திருந்தேன். அவள் உட்கார்ந்து வாசனையை இழுத்துப் பிடித்தாள். சிரித்தாள். பிறகு, "மன்னிக்கவும் அக்கா. என்னால் இங்கே உண்ண இயலாது" என்றாள், புத்தகத்தில் இருப்பதைப் போலவே.

டீயாவது குடி என்று கொடுத்தேன். அதையும் தொடவில்லை. பையைத் திறந்து சொந்தமாக ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து, தன் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் குடித்தாள். வாழைப்பழத்தை உரித்துத் தின்றாள். அவ்வளவுதான் சாப்பாடு.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காரணம் இருக்கிறது. நாங்கள் காலனிக்காரர்கள். என் அப்பா கூலிக்குப் போன காலத்தில் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனி டம்ளர். கடைக்கு வெளியே கம்பியில் தொங்கும். குடித்துவிட்டு நாமே கழுவி மறுபடி மாட்ட வேண்டும். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இப்போது என் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து ஒருத்தி என் டம்ளரை ஒதுக்குகிறாள்.

வீட்டுக்காரர் வேறு எரிகிறதில் எண்ணெய் ஊற்றினார். "இன்னாடி, உன் பிரெஞ்சுக்காரிக்கு நம்ப வூட்டு டீ ஆவலியா?"

"எவனோ ஊரைப் பத்தி நல்லா சொல்லிக் குடுத்துக்கீறான். எந்தத் தெருவுல தண்ணி குடிக்கக் கூடாதுன்னு" என்றேன்.

இனி இவளோடு போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் மறுநாள் ஒரு பெரிய விவசாயி வீட்டுக்குப் போவதாக இருந்தது. கரும்பும் நெல்லுமாக நிறைய நிலம் உள்ளவர்கள். அங்கே இவள் என்ன செய்கிறாள் என்று கண்ணால் பார்த்துவிட்டு, மூஞ்சிக்கு நேராக நாலு வார்த்தை கேட்டுவிட்டு நின்றுகொள்ளலாம் என்று போனேன்.

அந்த வீட்டம்மா அவளுக்கு வெள்ளி டம்ளரில் காபியும் தட்டில் கேசரியும் கொண்டுவந்தார். எனக்குப் பேப்பர் கப். அந்த வீட்டில் எனக்கு எப்போதுமே பேப்பர் கப்தான். நான் காபியைக் குடிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கேசரியைப் பார்த்தாள். சிரித்தாள். "மன்னிக்கவும் அம்மா. என்னால் இங்கே உண்ண இயலாது." பையிலிருந்து அதே டம்ளர். அதே தண்ணீர். அதே வாழைப்பழம்.

அந்த அம்மாவின் முகம் செத்துவிட்டது. கிளம்பும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "இன்னாம்மா இது, காபி கூடத் தொடல. நம்மள இன்னான்னு நெனைச்சிக்கினு கீது அந்தப் பொண்ணு? நம்ம வூட்டுல சுத்தம் இல்லியா?"

எனக்கு இன்னா தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். உள்ளுக்குள் சிரிப்பு முட்டியது என்பதை மறைப்பானேன். ஆனால் கோபம் போன இடத்தில் இப்போது வேறொன்று குடைய ஆரம்பித்தது. காலனியிலும் சாப்பிட மாட்டாள், பெரிய வீட்டிலும் சாப்பிட மாட்டாள் என்றால் இவள் யார்?

சாயங்காலம் கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். பக்கத்தில் மீன் வறுவல் வண்டி. திரும்பிப் பார்த்தால் இவள் அந்த வண்டிக்கு எதிரே கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள், சாமி கும்பிடுகிறவள் மாதிரி.

"இன்னா பண்ற?"

"வாசனை பிடிக்கிறேன் அக்கா. அதற்குத் தடை இல்லை."

அப்போதுதான் கேட்டேன். அவள் யூதப் பெண்ணாம். அவர்களுக்குச் சாப்பாட்டில் ஏகப்பட்ட கட்டுப்பாடு. பன்றி ஆகாது. இறால், நண்டு ஆகாது. மீன் என்றால் துடுப்பும் செதிலும் இருக்க வேண்டும். கறியும் பாலும் சேரவே கூடாது, பாத்திரம்கூட வேறு வேறு. ஆகாதது கொதித்த பாத்திரத்தில் வேறு எது சமைத்தாலும் அவளுக்கு ஆகாது. சூடான டீ, காபிக்கும் அதே கதைதான். அதனால்தான் சொந்த டம்ளர். அறையில் ஒரு கரண்ட் அடுப்பும் ஒரு குக்கரும் வைத்துக்கொண்டு பருப்பும் சோறுமாகவே ஓட்டுகிறாள்.

"ஆசையா இருக்காதா?"

"அழுகை வரும். உங்கள் இறால் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது."

"இங்க யாரு உன்னைப் பாக்கப்போறா? துன்னுட்டுப் போயேன்."

"நான் பார்ப்பேனே" என்றாள்.

பஸ் வந்து போய்விட்டது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மீனோடு தயிர் சேர்ப்பாயா, கருவாடு ஆகுமா, முட்டை ஆகுமா என்று. பிறகு டம்ளர் விஷயத்தையும் அப்படியே சொன்னேன். கம்பியில் தொங்கிய டம்ளரை. என் வீட்டில் அவள் பையைத் திறந்ததும் எனக்கு என்ன தோன்றியது என்பதை. அவள் முகம் வெளுத்துவிட்டது. "அதைப் படித்திருக்கிறேன் அக்கா. ஆனால் நான் செய்ததும் அப்படித் தெரியும் என்று நினைக்கவில்லை" என்றாள். டம்ளரைப் பையின் அடியில் திணித்து, இனி எடுக்கவே மாட்டேன் என்றாள்.

"எடு. ஆனா மொதல்ல வாயத் தொறந்து ஏன்னு சொல்லு. ரெண்டு வூட்லயும் சொல்லாம எடுத்தியே, அதான் தப்பு" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சமைத்தோம். புது மண்சட்டி வாங்கினேன். ஏரி விரால் உயிரோடு கிடைத்தது. செதிலை அவளே நகத்தால் பெயர்த்துப் பார்த்துத் தலையாட்டினாள். கத்தியும் கரண்டியும் அவளுடையது. சோற்றை அறையிலேயே வடித்துக் கொண்டுவந்திருந்தாள். குழம்பு நான் வைக்கலாம், ஆனால் நெருப்பு அவள் கையால் பற்ற வேண்டுமாம், அதுவும் ஒரு விதி. விறகடுப்பில் ஊதி ஊதிக் கண் சிவந்துவிட்டது.

வீட்டுக்காரர் வாசலில் நின்று, "சமைக்கிறது நீ, கொளுத்துறது அதுவா? குழம்பு நல்லா இல்லன்னா யார திட்டுறது?" என்றார்.

"ரெண்டு பேரையும்" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னா அக்கா, சரியா?" என்றாள். அவள் வாயில் முதல் 'இன்னா'. சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

தட்டுப் பிரச்சினையை வாழையிலை தீர்த்தது. மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். முதல் வாயை வைத்ததும் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். காரத்தில் மூக்கு ஒழுக ஒழுகத் தின்றாள். மறுசோறு கேட்டாள். தண்ணீரைத் தன் டம்ளரிலேயே குடித்தாள். எனக்கு எதுவும் எரியவில்லை.

அவள் ஊருக்குப் போய்விட்டாள். அந்தச் சட்டியை நான் வேறு எதற்கும் எடுப்பதில்லை.

போன வருடம் வேலை விஷயமாக அந்தப் பெரிய வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. வீட்டம்மா பேப்பர் கப்போடு வந்தார். நான் பையைத் திறந்து என் எவர்சில்வர் டம்ளரை எடுத்து நீட்டினேன். "இதுல ஊத்துங்கம்மா."

"இன்னாம்மா, நீயும் அந்தப் பொண்ணு மாதிரி ஆயிட்ட?"

"அது சொல்லாம எடுத்துச்சி. நான் சொல்லிட்டே எடுக்கறேன். பேப்பர் கப்புல குடிக்க எனக்குப் புடிக்கலம்மா."

கையிலிருந்த கப்பைப் பார்த்தார். பிறகு ஊற்றினார்.

அன்றைக்கு அவள்மேல் கோபப்பட்டது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவின் டம்ளரை அடுத்தவன் கம்பியில் மாட்டி வைத்தான், அவள் டம்ளரை அவளே பையில் வைத்திருந்தாள். இந்த வித்தியாசம் எனக்குப் புரிய, நான் ஆசையாகச் செய்த இறால் தொக்கை ஒருத்தி வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.