பிலோமினா டீச்சரின் காலைப் பெரட்டு

கினிகத்தேனையில் பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் இறங்கித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது என் கைத்தொலைபேசி அடித்தது. பூண்டுலோயாவிலிருந்து சேவியர், பிலோமினா டீச்சரின் தம்பி. "ஐயா, அக்கா காலையில போயிட்டாங்க" என்றார். "எங்கே?" என்று கேட்டேன். அவ்வளவு மந்தம் எனக்கு. அவர் அழத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. கொழும்புப் பயணத்தை அப்படியே விட்டுவிட்டு, ரோட்டைக் கடந்து ஹட்டன் பஸ்ஸுக்கு நின்றேன்.

டீச்சரை அறிந்தவர்கள் மலையகத்தில் நிறையப் பேர். அவர்களில் பலருடைய மனத்தில் அவரைப் பற்றி ஒரு குறையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் குறை அவருடையதல்ல, என்னுடையது. அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுத எனக்குத் தகுதியில்லை.

நான் முப்பது வருடம் தோட்ட ஆபீஸில் கிளாக்கராக இருந்தவன். ஓய்வு பெற்று ஹட்டனில் குடியேறியபோது, ஆலயத்து மண்டபத்தில் நடந்த கணினி வகுப்பில்தான் டீச்சரைச் சந்தித்தேன். லயத்து வரிசை வீட்டில் பிறந்து, தட்டச்சுப் படித்து, தாமாகவே கணினியையும் கற்றுக்கொண்டவர். அப்போது அதே மண்டபத்தில் கூடும் எங்கள் மலையக மக்கள் சங்கம் ஓர் இணையதளம் தொடங்கியிருந்தது. இரண்டு அரசுகளும் செய்த ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, பின்பு தொடர்பே அற்றுப்போன சொந்தங்களைத் தேடும் தளம். தோட்டத்து மக்கள் வந்து சொல்லுவார்கள், நான் கடிதமாக எழுதுவேன், டீச்சர் தளத்தில் ஏற்றுவார். நீலகிரிப் பக்கத்தில் யாராவது ஒரு பிள்ளை அதைப் பார்த்துத் தன் தாயிடம் சொல்லாதா என்ற நம்பிக்கைதான்.

தளத்துக்குப் பாஸ்வேர்ட் வைக்க வேண்டும் என்றபோது நான் எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். டீச்சர் சிரித்துவிட்டார். "அது பஸ் போர்டுலேயே எழுதியிருக்கே, கிளாக்கரய்யா!" சரி, முருகன் பெயரை வைப்போம் என்றேன். "ஊருல பாதிப் பேரு அதைத்தான் வச்சிருக்காங்க. முருகனுக்கே எந்தக் கதவுன்னு தெரியாது" என்றார். கடைசியில் அவரே எழுத்தும் எண்ணுமாக நீளமான ஒன்றைச் செய்து, எனக்கு மனப்பாடம் ஆகும்வரை விடவில்லை. நான் ஞாபகத்துக்காக ஒரு துண்டில் எழுதிக் கணினியின் ஓரத்தில் ஒட்டியிருந்தேன். அதைக் கிழித்துத் தம் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். ஒரு நாள் முழுதும் எனக்குக் கோபம்.

காலையில் அவர் செய்த முதல் வேலைக்குப் பெரட்டு என்று பெயர் வைத்திருந்தார். மலைக்கு ஏறும் முன் தோட்டத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதேதான். தளத்தைத் திறந்து ஒவ்வொரு கடிதத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "இறம்பொடை மாரியாயி?" "இருக்காங்க" என்று நான் சொல்ல வேண்டும். ஒரு கொப்பியில் டிக் போடுவார். புதிதாக ஏதாவது செய்தி வந்திருந்தால் அனுப்பியவரின் பெயர், இமெயில் எல்லாம் கையால் எழுதுவார். கணினி இருக்கும்போது எதற்கு இந்தக் கொப்பி என்று நான் கேலி செய்ததுண்டு. அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

சனிக்கிழமைதோறும் முழுத் தளத்தையும் சீடியில் பிரதி எடுப்பார். ஒன்று மண்டபத்து அலுமாரியில், இன்னொன்று பூண்டுலோயாவில் அவர் வீட்டில். இரண்டையும் அலுமாரியிலேயே வைக்கலாமே என்றேன். "ஒரே எடத்துல ரெண்டு வச்சா அது ஒண்ணுதாங்க" என்றார். மக்களின் விலாசத்தையும் அடையாள அட்டை எண்ணையும் தளத்தில் போடவே விடமாட்டார். யாராவது "நான்தான் உங்கள் சொந்தம்" என்று எழுதினால், வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை முதலில் கேட்டு அனுப்புவார்.

இறம்பொடை மாரியாயி கப்பலேறிய தன் தங்கை காமாட்சியைத் தேடிக்கொண்டிருந்தவர். ஒரு திங்கட்கிழமை கோத்தகிரியிலிருந்து ஒரு பெண்ணின் செய்தி வந்தது. "என் அம்மா பெயர் காமாட்சி. இறம்பொடை என்று அடிக்கடி சொல்வார்." மாரியாயிக்கு ஆள் சொல்லி அனுப்பினோம். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்.

புதன்கிழமை டீச்சர் மருந்தெடுக்கக் கண்டிக்குப் போயிருந்தார். அப்போதே சிறுநீரகத்தில் குறை தொடங்கியிருந்தது. அன்று ஓர் இமெயில் வந்தது. ஆங்கிலத்தில், மேலே முத்திரை எல்லாம் போட்டு, தளத்தின் பெயரையும் பாஸ்வேர்டையும் உடனே உறுதிப்படுத்தாவிட்டால் இன்றே தளம் நீக்கப்படும் என்று. முப்பது வருடம் தோட்ட மேலாளரான தொரையின் ஆங்கிலக் கடிதத்துக்கு அன்றே பதில் எழுதிப் பழகிய கை இது. ஆபீஸ் என்று கண்டால் முதுகு தானாகவே வளையும். யார், எவர் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பாஸ்வேர்டை எழுதி, கீழே "தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்" என்றும் ஆங்கிலத்தில் போட்டு அனுப்பினேன். ஓர் எழுத்துப் பிழை கிடையாது.

மறுநாள் காலைப் பெரட்டில் முதற்பக்கம் இல்லை. அந்த இடத்தில் ஏதோ மருந்து விளம்பரம். உள்ளே கடிதங்கள் மட்டும் இன்னும் இருந்தன. டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாருக்காவது பாஸ்வேர்ட் சொன்னீங்களா?"

"இல்லையே" என்றேன்.

அவர் என்னை நம்பினார். எங்கள் கணினியில் ஏதாவது புகுந்திருக்குமோ என்று குடைந்து பார்த்தார். இரண்டு மணி நேரம் கழித்து, தாங்க முடியாமல் நான் உண்மையைச் சொன்னேன். அவர் உடனே, தளத்தை வைத்திருந்த கொழும்பு நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து வழியை அடைக்கச் செய்தார். அதற்குள் கடிதங்கள், செய்திகள் எல்லாமே போய்விட்டன. என் தலை நிமிரவில்லை. டீச்சர் சத்தம் போடவில்லை. "ஏமாந்தது பெரிசில்லங்க. யாரும் ஏமாறுவாங்க. ரெண்டு மணி நேரம் மறைச்சீங்களே, அதுலதான் எல்லாம் போச்சு" என்றார்.

அன்றே பாஸ்வேர்டை மாற்றி, சீடியிலிருந்து கடிதங்களை ஏற்றத் தொடங்கினார். ஆனால் சீடி சனிக்கிழமையோடு நின்றது. திங்கட்கிழமைச் செய்தி அதில் இல்லை. நான் கேலி செய்த கொப்பியில் இருந்தது, கோத்தகிரிப் பெண்ணின் இமெயிலோடு.

வெள்ளிக்கிழமை மாரியாயி வந்ததும் டீச்சர் அவரிடமே ஒரு கேள்வியை வாங்கி, கோத்தகிரிப் பெண்ணுக்கு எழுதினார்: வீட்டுப் பசுவின் பெயர் என்ன? மாலையில் பதில் வந்தது. "தொரைசாணி. தொரையின் மனைவி காதில் விழுந்துவிடும் என்று, வெளியில் சொன்னால் தாத்தா அடிப்பாராம்." மாரியாயி தரையில் உட்கார்ந்து சிரித்தார், அப்படியே அழுதார். "எந் தங்கச்சிதான், எந் தங்கச்சியேதான்" என்று டீச்சரின் கையை விடவில்லை. அந்தக் கை எழுதியிருக்காவிட்டால் நான் அந்த அம்மாவின் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன்?

ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. பாஸ்வேர்ட் யாரிடமிருந்து போனது என்று தலைவர் கேட்டார். டீச்சர் எழுந்தார். "யாருன்னு கேக்காதீங்க. ஏமாந்தவங்கள ஏசினா, அடுத்த தடவ ஏமாறுறவங்க வாயே தொறக்க மாட்டாங்க. இனிமே பாஸ்வேர்ட் கேட்டு எது வந்தாலும், நாமளே போன் பண்ணி விசாரிக்கிறதுன்னு வைப்போம்." நான் எழுந்திருக்க வேண்டிய நேரம் அது. எழவில்லை. ஏமாந்தது டீச்சர்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அதைவிட வெட்கக்கேடு, பாஸ்வேர்டை அவரிடமிருந்து எடுத்து, பொறுப்பானவன் என்று என்னிடம் கொடுத்தார்கள்.

அடுத்த நாள் காலை டீச்சர் வழக்கம்போல் வந்தார். பாஸ்வேர்ட் கையில் இல்லாததால், வெளியாட்கள் பார்ப்பதுபோலவே தளத்தைத் திறந்து, கொப்பியை விரித்து, "இறம்பொடை மாரியாயி?" என்று கூப்பிட்டார். "ஏன் டீச்சர் நீங்க சொல்லல?" என்று கேட்டேன். "சொல்ல வேண்டியது நான் இல்லையே, கிளாக்கரய்யா" என்றார். பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. ஒரு வருடம் கழித்து நானே சங்கத்திடம் சொல்லிப் பாஸ்வேர்டைத் திரும்ப அவரிடம் ஒப்படைத்தேன். வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று காரணம் சொன்னேன். அப்போதும் கோழைத்தனம்தான்.

பூண்டுலோயாவில் அடக்கம். நல்ல மழை. தலைவர் அன்பாகத்தான் பேசினார். "ஒரு தடவ ஏமாந்துட்டாங்க, ஆனாலும் அவங்கள மாதிரி உழைச்சவங்க இல்ல" என்றார். கூட்டம் தலையாட்டியது. என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. "ஏமாந்தது டீச்சர் இல்லங்க, நான்தான். பாஸ்வேர்டக் குடுத்ததும் நான்தான், மறைச்சதும் நான்தான்" என்று கத்தினேன். மழையில் முன்வரிசைக்கு மட்டுமே கேட்டிருக்கும். மற்றவர்களுக்காக இங்கே எழுதிவிட்டேன், இதையே தளத்தின் முதற்பக்கத்திலும் போடுகிறேன்.

மண் போட்டு முடித்து வரும்போது சேவியர் என் கையைப் பிடித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நாங்களும் அக்காதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தோங்க ஐயா. வீட்டுலகூட அவங்க சொல்லலையே" என்றார்.

டீச்சர், வீட்டாரிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் போயிருக்கிறீர்கள். நன்றி. சென்று வாருங்கள்.