எங்கிருந்து வந்த தண்ணி?

ஸ்கேன் அறை டாக்டரம்மாவுக்குத் தண்ணிப் பழக்கம் உண்டாம். லிஃப்ட்காரர் சொன்னதாகச் சலவைப் பிரிவில் பேச்சு. "காலையில வந்ததும் 'இன்னைக்கு யாருக்குத் தண்ணி?'ன்னுதான்யா கேக்குது!"

கேட்பது உண்மைதான். ஆனால் அவர் தேடுவது உடம்புக்குள் தேங்குகிற தண்ணீரை. அதிலும் காரணம் சொல்லாமல் சிறுநீரகத்தைச் சுற்றிக் கோத்துக்கொண்டது என்றால் சாப்பாடே மறந்துவிடும். திரையில் அந்தக் கறுப்புப் பிறையைக் கண்டதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து விசாரிப்பார்: "யார் வீட்டுப் புள்ள நீ? யாரைக் கேட்டு உள்ள வந்தே?" அவருடைய அறிக்கைகளில் முற்றுப்புள்ளியைவிடக் கேள்விக்குறி அதிகம். அறுவை மருத்துவருக்கு அது ஆகவே ஆகாது.

அன்று படுத்திருந்தவர் ஒரு தையற்காரர். இடது சிறுநீரகத்தைச் சுற்றி ஒரு செம்புத் தண்ணீர். கெட்டுப்போன சிறுநீரகம், எடுத்துவிடலாம் என்று அறுவை மருத்துவர் முடிவு கட்டி, இரண்டு மணிக்கு அரங்கையும் தயார் செய்துவிட்டார்.

"சீழ்னா காய்ச்சல் எங்கே? சிறுநீர் கசிஞ்சிருந்தா கல்லு எங்கே, அடைப்பு எங்கே?" டாக்டரம்மா திரையோடு முணுமுணுத்தார். "சொல்லு, எங்கேர்ந்து வந்த தண்ணி?"

தையற்காரருக்கு வேர்த்துவிட்டது. "கடைக்கு எதிர்லேர்ந்துதான் டாக்டரம்மா. கால் பாட்டில்தான். தினமும்."

கால்மாட்டில் நின்ற மனைவி பாய்ந்தாள். "நாலு வருஷமாக் கையால தொடலைன்னு சொன்னீங்களே!"

"தொடலையேடி. ஸ்ட்ரா போட்டுத்தான் குடிச்சேன்."

டாக்டரம்மாவின் கண்ணாடி நெற்றியிலிருந்து சறுக்கி விழுந்தது. "மூணு நாலு வாரம் முன்னால மேல்வயித்துல வலி வந்து முதுகு வரைக்கும் குத்துச்சா?"

"ஆமா. வாயுன்னு சோடா குடிச்சேன்."

"அதையும் ஸ்ட்ராலயா?" என்றாள் மனைவி.

கணையம்! குடியில் வெந்துபோன பக்கத்து வீட்டுக்காரன் கசிந்து, அந்தச் சாறு இங்கே வந்து தேங்கியிருக்கிறது. சிறுநீரகம் ஒரு பாவமும் அறியாதது. தையற்காரரிடம் சொல்லிவிட்டு ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி, கணையச் சாறுதானா என்று பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவு வர ஒரு மணி நேரமாகும். கடிகாரத்தில் ஒன்றே முக்கால்.

அறுவை மருத்துவருக்குப் போன் போட்டார். மறுமுனையில் மணி அடித்தது. கேள்விக்குறியம்மாவின் எண்ணைக் கண்டால் அவர் லேசில் எடுப்பதில்லை. அதற்குள் அரங்கிலிருந்து ஊழியர் வந்து ஸ்ட்ரெச்சரின் சக்கரப் பூட்டை விடுவித்தார்.

"கொஞ்சம் நகருங்க டாக்டர், மேல கத்துறாங்க."

டாக்டரம்மா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றி, தையற்காரரின் கால்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, ஸ்ட்ரெச்சர் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.